அமெரிக்க அதிபர்கள் எதிர்காலத்தைப் பத்தி பேசுறதை எதை வச்சு ஒப்பிடுறது?

கேள்வி என்னன்னா, அமெரிக்க அதிபர்கள் எல்லாருமே எதிர்காலம்னு வந்தா நம்பிக்கை, சுதந்திரம், நம்ம பிள்ளைங்க, உலகத்துலயே பெரிய நாடுன்னு ஒரே பாட்டைத்தான் பாடுறாங்க, அப்புறம் லிங்கனையும் கென்னடியையும் ரீகனையும் டிரம்ப்பையும் எதை வச்சு ஒப்பிடுறதுன்னு. நியாயமான கேள்விதான். அழகான வரிகளை மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா உண்மையிலேயே ஒண்ணும் பிடிபடாது, ஏன்னா அந்த வரிகளை எழுதுறதுக்குன்னே வெள்ளை மாளிகையில ஆள் இருக்காங்க, கென்னடிக்கு டெட் சோரன்சன், ரீகனுக்கு பெக்கி நூனன் மாதிரி. நான் பல வருஷமா இந்தப் பேச்சுகளைப் படிச்சிட்டு வரேன், எனக்கு உதவுறது மூணே கேள்விதான். இந்த எதிர்காலம் எப்போ வரும்னு தேதி சொன்னாரா, இதுக்கு யாரு என்ன கொடுக்கணும்னு சொன்னாரா, இதுல "நாம"ன்னு சொல்றது யாரை. மூணுல நடு கேள்விதான் எனக்கு முக்கியம். ஒரு அதிபர் தான் காட்டுற எதிர்காலத்தை எவ்ளோ தூரம் நம்புறாருன்னு, அதோட செலவை மக்கள் முகத்தைப் பார்த்து சொல்றாரா இல்லையான்றதுல தெரிஞ்சிடும்.

அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை, எல்லாப் பேச்சும் ஒரே வகை கிடையாது. பதவியேற்பு உரைன்றது பெரும்பாலும் மனநிலையை அமைக்கிற பேச்சு, அதுல பட்ஜெட் நம்பர் தேடினா கிடைக்காது. வருஷா வருஷம் காங்கிரஸ்கிட்ட, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துகிட்ட, சொல்ற ஸ்டேட் ஆஃப் தி யூனியன் உரை அரசியல் சட்டமே கேக்குறது, அங்கதான் திட்டம், தேதி, தொகை எல்லாம் வரும். (ஜெஃபர்சன் 1801ல இருந்து அதை எழுதி அனுப்புறதா மாத்திட்டாரு, 1913ல வில்சன்தான் திரும்ப நேர்ல போய் பேச ஆரம்பிச்சாரு, அதனால 19ஆம் நூற்றாண்டு "உரை" எதையும் யாரும் அதிபர் வாயால கேட்டதே இல்ல.) விடைபெறும் உரை வேற ரகம், அங்க தேர்தல் பயம் இல்ல. ஒருத்தரோட பதவியேற்பை இன்னொருத்தரோட பட்ஜெட் உரையோட வச்சு இவர் வெறும் வாய்ச்சொல், அவர் செயல்வீரர்னு தீர்ப்பு சொல்றது அநியாயம்.

இப்போ கென்னடிக்கு வருவோம், இங்கதான் விஷயம் நல்லா தெளியும். 1961 மே 25, காங்கிரஸோட கூட்டுக்கூட்டத்துல, இந்தப் பத்தாண்டு முடியுறதுக்குள்ள ஒரு மனுஷனை நிலாவுல இறக்கிப் பத்திரமா திரும்பக் கொண்டுவரணும்னு சொன்னாரு. சோவியத்தோட ககாரின் பூமியைச் சுத்தி வந்து ஆறு வாரம்தான் ஆகியிருக்கு, க்யூபாவுல அமெரிக்கா ஏற்பாடு பண்ணின பிக்ஸ் வளைகுடா படையெடுப்பு தோத்துப்போய் மூஞ்சில கரி, அமெரிக்கா கையில இருந்த மொத்த மனித விண்வெளி அனுபவம் மே 5ஆம் தேதி ஆலன் ஷெப்பர்ட் மேல போய் கீழ வந்த அந்த கால் மணி நேரம்தான், சுத்துப்பாதைக்குக்கூட அவங்க போகல. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது நிலா, பத்தாண்டுன்ற அந்த ஒரு வரி. ஆனா அதே பேச்சுல கொஞ்சம் கீழ போய் படிங்க, 1962 நிதியாண்டுல 53 கோடியே 10 லட்சம் டாலர், அடுத்த அஞ்சு வருஷத்துல மேற்கொண்டு 700ல இருந்து 900 கோடி டாலர் ஆகும்னு தொகையோட சொல்றாரு. பாதி வழி போய் கஷ்டம் வந்ததும் நிறுத்துறதா இருந்தா, என் கருத்துல, போகாமலே இருக்கிறது நல்லதுன்னும் சொல்றாரு. தான் கேக்குறதை வேண்டாம்னு சொல்றதுக்கான வாய்ப்பையும் அதே மேடையில வச்சே காங்கிரஸ் கையில கொடுக்கிறாரு, இது எனக்கு இன்னைக்கும் பெரிய விஷயமா படுது.

அடுத்த வருஷம் செப்டம்பர் 12, ஹூஸ்டன்ல ரைஸ் பல்கலைக்கழக ஸ்டேடியம். நிலாவுக்குப் போறது சுலபம்னு இல்ல, கஷ்டம்னுதான் போறோம்னு சொன்ன அந்தப் பேச்சு. அங்கயும் கணக்கு வருது, விண்வெளி பட்ஜெட் வருஷத்துக்கு 540 கோடி டாலர், தலைக்கு வாரம் 40 சென்ட் இருந்தது சீக்கிரமே 50 சென்ட்டுக்கு மேல போகும், ஆம்பளை பொம்பளை குழந்தை எல்லாரையும் சேர்த்துன்னு. இன்னொரு இடத்துல, இந்த ஃபுட்பால் மைதானத்தோட நீளத்துக்கு, 300 அடிக்கு மேல உயரமான ராக்கெட்டை, இன்னும் கண்டுபிடிக்கவே படாத சில உலோகக் கலவையில செஞ்சு அனுப்பணும்னு சொல்றாரு. கையில என்ன இல்லையோ அதை மறைக்காம சொல்லி, அது இல்லாததையே கூட்டம் ஆர்வமா கேக்குற மாதிரி மாத்துறது சாதாரண திறமை இல்ல.

அதுக்காக கென்னடியை ஒரு கனவுக்காரரா மட்டும் பார்க்கவும் கூடாது. 1962 நவம்பர்ல நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்போட நடந்த கூட்டத்தோட ஒலிப்பதிவு பிற்பாடு வெளிய வந்துச்சு, அதுல அவரே எனக்கு விண்வெளியில அவ்ளோ ஆர்வம் இல்ல, ரஷ்யாவை முந்துறதுதான் விஷயம்னு சொல்றாரு. 1963 செப்டம்பர் 20ல ஐ.நா. சபையில நின்னு, நிலாவுக்கு நாம ரெண்டு நாடும் சேர்ந்தே போகலாமேன்னு சோவியத்தைக் கூப்பிடுறாரு. ஒரே ஆளு, ஒரே நிலா, ரெண்டரை வருஷத்துக்குள்ள "நாம"ன்ற வட்டம் எவ்ளோ மாறிடுச்சு பாருங்க. ஒரு அதிபரோட பார்வைன்னு ஒரே ஒரு பேச்சை வச்சு முடிவு கட்டாதீங்கன்னு சொல்றது இதனாலதான். அப்போலோன்ற அந்த நிலாத் திட்டத்துக்கு கடைசியா சுமார் 2,500 கோடி டாலர் ஆச்சு, 1966 வாக்குல நாசா மட்டும் மத்திய அரசு பட்ஜெட்ல 4 சதவீதத்துக்கு மேல எடுத்துக்கிச்சு, இப்போ அது அரை சதவீதம்கூட இல்ல.

இதே விண்வெளியைப் பிடிச்சுக்கிட்டே பின்னாடி வந்தவங்களைப் பாருங்க, விஷயம் ஒண்ணாவே இருக்கிறதால ஒப்பிடுறது சுலபம். 1989 ஜூலை 20, அப்போலோ 11 இறங்கி 20 வருஷம் ஆன நாள்ல மூத்த புஷ், திரும்ப நிலாவுக்கு, அப்புறம் செவ்வாய்க்குன்னு அறிவிச்சாரு, ஆனா இது அப்போலோ மாதிரி பத்து வருஷத் திட்டம் இல்ல, நீண்டகால ஈடுபாடுன்னு அவரே சொல்லிட்டாரு. தேதி இல்ல, தொகையும் இல்ல. அப்புறம் நாசா போட்ட கணக்கு சுமார் 50,000 கோடி டாலர்னு வந்ததும் காங்கிரஸ் மலைச்சுப் போச்சு. 1990 மே மாசம் 2019க்குள்ள செவ்வாயில கொடின்னு தேதி மட்டும் சேர்த்தாரு, அதுக்குள்ள விஷயம் ஆறிப்போயிருந்துச்சு. 2004 ஜனவரி 14ல மகன் புஷ் 2020க்குள்ள திரும்ப நிலாவுக்குன்னு தேதியோட சொன்னாரு, ஆனா புதுக் காசா அஞ்சு வருஷத்துக்கு 100 கோடி டாலர்தான், மீதி 1,100 கோடி நாசா உள்ளயே வேற வேலையில இருந்து திருப்பி எடுக்கிறது. 2010 ஏப்ரல்ல ஒபாமா ஃப்ளோரிடாவுல கென்னடி விண்வெளி மையத்துக்கே போய், நிலாவுக்குத்தான் ஏற்கெனவே போயிட்டோமேன்னு சொல்லி புஷ்ஷோட திட்டத்தை மூடிட்டு, 2025 வாக்குல ஒரு சிறுகோள், 2030களோட நடுவுல செவ்வாயைச் சுத்தி வர்றதுன்னு மாத்தினாரு. 2025 ஜனவரி 20ல டிரம்ப் தன்னோட ரெண்டாவது பதவியேற்புல செவ்வாயில அமெரிக்கக் கொடி நடுவோம்னாரு, ஒரே வாக்கியம்தான். அஞ்சு பேரையும் வரிசையா படிச்சா லட்சியம் பெருசாகிட்டே போறதும், அதுக்குப் பக்கத்துல இருக்க வேண்டிய தொகை சின்னதாகி கடைசியில காணாமப் போறதும் தெரியும். இதுக்கு அவங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது, பணத்தை ஒதுக்குற அதிகாரம் காங்கிரஸ்கிட்ட, கென்னடிக்கு இருந்த பனிப்போர் பயம் இவங்களுக்கு இல்ல. ஆனா பேச்சுன்னு பார்க்கும்போது வித்தியாசம் வித்தியாசம்தான்.

லிங்கன்கிட்ட வந்தா எனக்கு நேரம் போறதே தெரியாது. 1862 டிசம்பர் 1, உள்நாட்டுப் போர் நடுவுல காங்கிரஸுக்கு அவர் அனுப்பின ஆண்டுச் செய்தி. சரித்திரத்துல இருந்து நாம தப்பிக்க முடியாதுன்னு முடியுற கடைசிப் பக்கத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி அவர் உக்காந்து கணக்கு போட்டிருக்காரு! 1790ல இருந்து எழுபது வருஷ சென்சஸை எடுத்து, பத்து வருஷத்துக்கு சராசரி 34.60 சதவீதம் வளர்ச்சின்னு கண்டுபிடிச்சு, அதே வேகத்துல போனா 1930ல இந்த நாட்டு ஜனத்தொகை 25,16,80,914ன்னு கடைசி ஆள் வரைக்கும் எழுதியிருக்காரு. (உண்மையில 1930 சென்சஸ்ல வந்தது சுமார் 12 கோடியே 30 லட்சம்.) எதுக்கு இந்தக் கணக்குன்னா, 1900 ஜனவரி 1க்கு முன்னாடி அடிமை முறையை ஒழிக்கிற மாநிலங்களுக்கு மத்திய அரசு கடன் பத்திரமா ஈட்டுத்தொகை கொடுக்கணும்னு அவர் ஒரு திட்டம் வச்சாரு, இது போரை நீட்டிக்கிறதை விட செலவு குறைவு, கடனை அடைக்கப்போறது இன்னைக்கு இருக்கிற ஜனம் இல்ல, நாளைக்கு வரப்போற பெரிய ஜனம், அதனால தலைக்கு பாரம் குறையும்னு வாதம். தேதி இருக்கு, செலவு இருக்கு, யாரு கட்டுவாங்கன்னும் இருக்கு.

ஆனா என்னோட மூணாவது கேள்வியை அதே செய்திகிட்ட கேட்டுப் பாருங்க, மனசு கனத்துப் போகும். விடுதலை ஆகுற கருப்பின மக்கள், அவங்க சம்மதத்தோட, வேற நாட்டுல குடியேறுறதை நான் வலுவா ஆதரிக்கிறேன்னு அதுலயே எழுதியிருக்காரு. காசு யாருக்குன்னா அடிமையா இருந்தவங்களுக்கு இல்ல, மாநிலங்களுக்கு. 37 வருஷம் காத்திருக்கச் சொல்ற எதிர்காலத்துல காத்திருக்க வேண்டியவங்ககிட்ட யாரும் கேக்கல. நல்ல வேளையா நடந்தது வேற, ஒரு மாசத்துல, 1863 ஜனவரி 1ல விடுதலைப் பிரகடனம், 1865 டிசம்பர்ல அடிமை முறையையே ஒழிச்ச அரசியல் சட்டத்தோட 13ஆவது திருத்தம். நடுவுல 1865 மார்ச் 4ல அவரோட ரெண்டாவது பதவியேற்பு உரை, மொத்தமே 700 சொச்சம் வார்த்தை. அதுல, எதிர்காலத்தைப் பத்தி பெரிய நம்பிக்கை இருக்கு, ஆனா அதைப் பத்தி எந்தக் கணிப்பும் சொல்லத் துணியலைன்றாரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 1930 வரைக்கும் தலை எண்ணின அதே மனுஷன்! போர் அவரை அவ்ளோ மாத்தியிருக்கு. அந்த உரையில விலையும் வருது, ஆனா டாலர்ல இல்ல, இருநூத்தி ஐம்பது வருஷம் கூலி கொடுக்காம வாங்கின உழைப்புல சேர்ந்த செல்வம் எல்லாம் அழியுற வரைக்கும் இந்தப் போர் நடக்கணும்னு கடவுள் நினைச்சா அதுவும் நியாயமேன்னு சொல்றாரு, வடக்கையும் சேர்த்துத்தான். ஏப்ரல் 11ஆம் தேதி, கருப்பின மக்கள்ல ரொம்ப அறிவுள்ளவங்களுக்கும் சிப்பாயா போரிட்டவங்களுக்கும் ஓட்டு கொடுக்கலாம்னு வெளிப்படையா பேசினாரு. அந்தக் கூட்டத்துல நின்னு கேட்டவன் ஜான் வில்க்ஸ் பூத், மூணு நாள் கழிச்சு லிங்கனைச் சுட்டான். குடியேத்தம்ல இருந்து ஓட்டு வரைக்கும் ரெண்டரை வருஷத்துல ஒரு அதிபரோட "நாம" இப்படி விரிஞ்சது அமெரிக்க வரலாத்துல வேற யார்கிட்டயும் நான் பார்க்கல.

ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டோட நாலு சுதந்திரங்கள் உரை, 1941 ஜனவரி 6. பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையில இருந்து விடுதலை, பயத்துல இருந்து விடுதலை, இது நாலும் உலகத்துல எல்லா இடத்துலயும்னு சொல்லிட்டு, இது எங்கயோ தூரத்துல இருக்கிற ஆயிரமாண்டுக் கனவு இல்ல, நம்ம காலத்துல, நம்ம தலைமுறையிலயே எட்டக்கூடியதுன்னாரு. ஜெர்மனி பாதி ஐரோப்பாவைப் பிடிச்சு வச்சிருக்கிற நேரத்துல இதைச் சொல்றதுக்கு நெஞ்சுரம் வேணும். அதே உரையில, தியாகம் பண்ணுங்க, தியாகம்னா ஒரு பங்கு என்னன்னா இன்னும் அதிகமா வரி கட்டுறதுன்னு நேரா சொல்லியிருக்காரு. சுதந்திரத்தைப் பத்தின இவ்ளோ பெரிய வரிகளுக்கு சில பத்தி முன்னாடி வரியை ஏத்துவேன்னு சொன்ன அதிபர் அரிது. ஆனா "எல்லா இடத்துலயும்"னு சொன்ன அதே ஆள் 1942 பிப்ரவரி 19ல கையெழுத்துப் போட்ட உத்தரவால ஜப்பானிய வம்சாவளி மக்கள் சுமார் 1,20,000 பேர் வீடு, கடை, நிலத்தை விட்டுட்டு முகாமுக்குப் போனாங்க, அதுல மூணுல ரெண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள். பயத்துல இருந்து விடுதலைன்னு சொல்லி பதினாலு மாசம்கூட ஆகல. பேச்சை மதிக்கிறவன் இந்த உத்தரவையும் பக்கத்துல வச்சுத்தான் படிக்கணும். அரசு மன்னிப்புக் கேட்டு ஆளுக்கு 20,000 டாலர் கொடுக்கிற சட்டம் 1988ல ரீகன் கையெழுத்துலதான் வந்துச்சு.

கார்ட்டரையும் ரீகனையும் சேர்த்து வைக்காம இந்தப் பேச்சு முடியாது. 1979 ஜூன் 20, வெள்ளை மாளிகைக் கூரையில 32 சோலார் பேனல் மாட்டி, தண்ணி சூடு பண்றதுக்கு, கார்ட்டர் சொன்னாரு: ஒரு தலைமுறை கழிச்சு இது ஒரு மியூசியப் பொருளா, நாம போகாம விட்ட பாதைக்கு உதாரணமாவும் ஆகலாம், இல்லன்னா அமெரிக்க மக்களோட பெரிய சாகசங்கள்ல ஒண்ணோட சின்ன அங்கமாவும் ஆகலாம். 2000க்குள்ள நாட்டோட எரிசக்தியில 20 சதவீதம் சூரியசக்தின்னு டார்கெட். ஜூலை 15ல டிவியில, 1977ல வாங்கினதுக்கு மேல ஒரு சொட்டு வெளிநாட்டு எண்ணெய் இனி வாங்க மாட்டோம்னு சொல்லிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் கூடுதலா காரை நிறுத்துங்க, சேர்ந்து ஒரே வண்டியில போங்க, வீட்டு வெப்பநிலையை எரிபொருள் மிச்சமாகுற மாதிரி வைங்கன்னு வீட்டுக்குள்ள வந்து கேட்டாரு. மக்கள் உடனே எரிஞ்சு விழுந்தாங்கன்னு பலர் நினைக்கிறாங்க, இல்ல, முதல்ல அவரோட ஆதரவு ஏறத்தான் செஞ்சது, ரெண்டு நாள்ல அமைச்சர்கள் எல்லாரையும் ராஜினாமா கேட்டதுலதான் எல்லாம் கலைஞ்சது. 1986ல கூரை ரிப்பேர் நேரத்துல பேனலைக் கழட்டினவங்க திரும்ப மாட்டல, அதுல ஒண்ணு உண்மையிலேயே மியூசியத்துக்குப் போயிடுச்சு. எண்ணெய் இறக்குமதி 90கள்ல அந்த வரம்பைத் தாண்டிடுச்சு. தேதி, செலவு, தியாகம் மூணையும் சொன்னவர் 1980 தேர்தல்ல ரீகன்கிட்ட தேர்வாளர் வாக்குல 49க்கு 489ன்னு தோத்தாரு, இது என் அளவுகோலுக்கே ஒரு சவால்தான், செலவைச் சொல்றது ஜெயிக்கிற வழின்னு நான் சொல்லவே இல்ல.

ரீகன் வேற மாதிரி. அவருக்கு எதிர்காலம்ன்றது இனிமே கட்ட வேண்டியது இல்ல, ஏற்கெனவே உள்ள ஒரு நல்லதைக் காப்பாத்துறது. 1989 ஜனவரி 11 விடைபெறும் உரையில மலை மேல ஒளிர்ற நகரம்னா தன் மனசுல என்ன இருக்குன்னு விளக்குறாரு, பாறை மேல கட்டின பெருமையான நகரம், எல்லா வகை மனுஷங்களும் இணக்கமா இருப்பாங்க, சுவர் இருந்தே ஆகணும்னா அதுல கதவு இருக்கும், வரணும்னு மனசு உள்ள எல்லாருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும்னு. "நாம" யாருன்ற கேள்விக்கு ரொம்பத் தாராளமான பதில், அது வெறும் பேச்சும் இல்ல, 1986ல அவர் கையெழுத்துப் போட்ட சட்டத்துல அனுமதி இல்லாம இருந்த சுமார் 27 லட்சம் பேருக்கு சட்டபூர்வ குடியிருப்பு கிடைச்சது. ஆனா செலவு? 1983 மார்ச் 23ல அணு ஆயுதங்களையே பயனில்லாம ஆக்குற பாதுகாப்புக் கவசம்னு அறிவிச்சப்போ பல பத்தாண்டு ஆகலாம்னு நேர்மையா சொன்னாரு, எவ்ளோ ஆகும், யாரு கட்டணும்னு சொல்லல. அவர் காலத்துல மத்திய அரசோட கடன் ஏறக்குறைய மூணு மடங்கு ஆச்சு. கேக்க ரீகன்தான் இனிமை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா பில் யாருக்குன்னு சொல்லாத இனிமை.

ஹூவரை ஒரு வரியில சொல்லிடலாம், 1929 மார்ச் 4ல நாட்டோட எதிர்காலத்தைப் பத்தி எனக்கு எந்தப் பயமும் இல்ல, நம்பிக்கையால பிரகாசமா இருக்குன்னாரு, அக்டோபர்ல பங்குச்சந்தை விழுந்துச்சு. ஜான்சன் 1964 மே 22ல ஆன் ஆர்பர்ல மகத்தான சமுதாயம் பத்திப் பேசினப்போ அது ஓய்வெடுக்கிற துறைமுகம் இல்ல, ஓயாம புதுசாகுற சவால்னு சொன்னாரு, அடுத்த வருஷமே மெடிகேர் (முதியோருக்கான மருத்துவக் காப்பீடு), மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கானது), வாக்குரிமைச் சட்டம் மூணும் வந்துச்சு, பேச்சுக்கும் சட்டத்துக்கும் இடைவெளி இவ்ளோ குறைவா இருந்த அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கு அப்புறம் இவர்தான், ஆனா வியட்நாம் போர் வந்து பணத்தையும் மனசையும் தின்னுச்சு.

இன்னொரு பிரிவும் உண்டு, எதிர்காலம் முன்னாடி இருக்கா, பின்னாடி இருக்கான்றது. டிரம்ப் 2017ல மூடின ஃபேக்டரிகள், குற்றம், போதைன்னு ஒரு சிதைவைக் காட்டி இது இங்கயே இப்பவே முடியுதுன்னாரு, 2025ல பொற்காலம் இந்த நிமிஷமே ஆரம்பம்னாரு. ரெண்டுலயும் காலம் ரொம்பச் சுருங்கிடுது, காத்திருக்கவே தேவையில்ல, இழந்ததைத் திருப்பி எடுத்தா போதும். தொழில் போன ஊர்ல இருக்கிறவனுக்கு இந்தப் பேச்சு ஏன் நெஞ்சுல பட்டுச்சுன்னு எனக்குப் புரியுது, அவன் வலியை அதுவரைக்கும் பதவியேற்பு மேடையில யாரும் அப்படிச் சொல்லல. ஆனா ரீகனும் இவரும் ஒரே கட்சி, அந்த நகரத்துச் சுவர்ல கதவைப் பத்தின பேச்சு இங்க இல்ல, தெற்கு எல்லையில நெருக்கடி நிலைன்னு வருது. ஒபாமா 2015 மார்ச் 7ல செல்மா பாலத்துல பேசினப்போ அவரும் பின்னாடிதான் பார்த்தாரு, ஆனா திரும்பப் போறதுக்கு இல்ல, அந்தப் பாலத்துல 1965ல கருப்பின மக்களோட ஓட்டுரிமைக்காக ஊர்வலமா நடந்தவங்க ஆரம்பிச்ச வேலை இன்னும் முடியலைன்னு சொல்றதுக்கு. அதே ஒபாமா 2011 ஸ்டேட் ஆஃப் தி யூனியன் உரையில 2015க்குள்ள பத்து லட்சம் மின்சாரக் கார்னு தேதி வச்சாரு, அது 2018லதான் எட்டுச்சு. மூணு வருஷம் லேட்டுன்னு திட்டலாம், ஆனா லேட்டுன்னு நம்மால சொல்ல முடியுறதே அவர் தேதி வச்சதாலதான்.

நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கணும்னா ரெண்டு உரையில இருந்து ஆரம்பிங்க. 1961 ஜனவரி 17 ஐசன்ஹோவரோட விடைபெறும் உரை, ராணுவ-தொழில் கூட்டு பத்தின எச்சரிக்கைக்காகத்தான் அது பேர் வாங்கினது, ஆனா அதுலயே, இன்னைய சௌகரியத்துக்காக நாளைய வளத்தைச் சூறையாடக் கூடாது, பேரப்பிள்ளைங்க சொத்தை அடமானம் வைக்கக் கூடாதுன்னு ஒரு பத்தி இருக்கு. அதைப் படிச்ச கையோட நாலு மாசம் தள்ளி கென்னடியோட மே 25 உரையை முழுசா, அந்தத் தொகை வர்ற பத்தி வரைக்கும் படிங்க. ஒருத்தர் எதிர்காலத்துக்காகச் சேர்த்து வைக்கச் சொல்றாரு, இன்னொருத்தர் எதிர்காலத்துக்காக இப்பவே செலவு பண்ணச் சொல்றாரு, ரெண்டு பேருமே கணக்கை மறைக்கல. யார் பக்கம் நீங்கன்னு முடிவு பண்ணிட்டு அப்புறம் மத்தவங்களைப் படிச்சா ஒவ்வொருத்தரும் எங்க நிக்கிறாங்கன்னு சுலபமா பிடிபடும்.